மேல்மாடியில் டேங்க் இல்லை!

எங்கள் அப்பாவுக்கு கால்குலேட்டர் என்றாலே ஓர் இளக்காரம். தனியார் கம்பெனி ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் அக்கவுன்ட்ஸ் பார்த்து ரிடையர் ஆனவர். மாதம் பிறந்தால் மளிகைக் கடை அண்ணாச்சி அனுப்பும் சீட்டை வாங்கி, பேனா மூடியால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுப்பார். மூடி அடியைத் தொடும்போது மொத்தம் வாயில் வந்துவிடும். நான் பி.காம். படித்தவன். அதே சீட்டை கால்குலேட்டரில் மூன்று தடவை தட்டினால் மூன்று விடை வரும். "உன் காலேஜுக்குக் கட்டின பணத்துல ரெண்டு எருமை வாங்கிக் கட்டியிருக்கலாம்டா" என்பார். எருமையாவது கூட்டும் என்பது அதன் உட்பொருள்.

போன வருஷக் கடைசியில் இந்த இழுப்பு உதைக்க ஆரம்பித்தது. ஒரு மாதம் நாற்பது ரூபாய் வித்தியாசம். "அண்ணாச்சி மகன் கல்லாவுல உக்காந்ததுலேர்ந்து கணக்கு சரியில்லை" என்று தீர்ப்பு வந்தது. அடுத்த மாதம் நூற்றுப் பத்து ரூபாய். அதற்கடுத்த மாதம் சீட்டைக் கையிலேயே வாங்கவில்லை. "நீயே பாத்துக்கோடா, எழுத்து சரியாத் தெரியலை" என்று பேப்பருக்குள் புகுந்துகொண்டார். அறுபத்தெட்டு வயசு... இருக்காதா பின்னே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி. கையில் காபி டம்ளரோடு பேப்பரை எனக்கு உரக்க வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார் (எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவரது நெடுநாள் நம்பிக்கை). வலது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. "அந்த... அது... தண்ணி பேப்பர்..." என்று என்னமோ சொன்னார். வார்த்தை வந்தது, வரிசையில் வரவில்லை. வாய் ஒரு பக்கமாக லேசாக இழுத்த மாதிரி இருந்தது. எட்டு நிமிஷமோ பத்து நிமிஷமோ. பிறகு ஒன்றுமே நடக்காதது போல, "காபியைக் கொட்டிட்டேனா?" என்றார்.

நம் குடும்பங்களில் மனுஷ உடம்புக்கு மொத்தமே மூன்று வியாதிகள்தான். கேஸ், சூடு, திருஷ்டி. அம்மா கேஸ் என்றாள். என் மனைவி சூடு என்றாள். எதிர்வீட்டுப் பாட்டி திருஷ்டி என்று சொல்லி மிளகாயோடு வந்தே விட்டார். நான் தீர யோசித்து கேஸ் கட்சிக்கு ஓட்டுப் போட்டு, தெருமுனையிலிருந்து கோலி சோடா வாங்கி வந்தேன். அப்பா குடித்தார். ஏப்பம் வந்தது. கேஸ் நிரூபணமாகிவிட்டது! உண்மையைச் சொன்னால், அன்று சாயந்திரத்துக்குள் அந்த வாரப் பத்தியை நான் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கேஸாக இருப்பதுதான் எனக்கும் சௌகரியமாக இருந்தது.

திங்கட்கிழமை சாயந்திரம் கீழ் போர்ஷனில் குடியிருக்கும் நர்ஸ் சிஸ்டரிடம் அம்மா இதைப் பேச்சுவாக்கில் சொல்ல, அவர் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாவி வந்தார்.

"வாய் கோணிச்சு, கை விட்டுச்சு, பேச்சு குழறிச்சு... சோடாவா குடுத்தீங்க? படிச்சவங்கதானே ஸார் நீங்க? முதல்ல ஆட்டோவைக் கூப்பிடுங்க!"

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். முதல் கேள்வியே, "எப்ப நடந்துச்சு?" என்பதுதான்.

"நேத்து காலையில எட்டு மணி."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழு. "முப்பத்தஞ்சு மணி நேரம். மூளைக்குப் போற குழாய்ல ஒரு சின்ன அடைப்பு வந்து, அதுவா விலகியிருக்கு. இப்படி ஒண்ணு வந்தா, நிஜமான பக்கவாதம் வர அதிக சான்ஸ் முதல் ரெண்டு நாள்லதான். அதுல ஒண்ணரை நாளை நீங்க சோடாவுக்கே செலவழிச்சுட்டீங்க."

பி.பி. பார்த்தார்கள். 190-க்கு 110. அப்பா ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்தான். நாலு மாதத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டாராம். காரணம் கேட்டால் ஒரு அக்கவுன்டன்ட்டின் பதில் வந்தது. "மாத்திரை போட்டேன், நார்மலாச்சு. நார்மலானதுக்கு அப்புறம் எதுக்கு வீண் செலவு?"

டாக்டர் அவரிடம் சண்டை போடவில்லை. "உங்க வீட்ல மாடிக்கு எப்படிங்கய்யா தண்ணி ஏறுது?" என்றார்.

"மோட்டார் போட்டா மேல டேங்குக்குப் போகும். அங்கேர்ந்து குழாய்ல வரும்."

"மூளைதான் மேல்மாடி. இதயம் மோட்டார். ஒரே வித்தியாசம், இந்தக் கட்டடத்துல மேல டேங்க் கிடையாது. மோட்டார் ஓடினா தண்ணி, நின்னா அந்த நிமிஷமே குழாய் காலி."

'மேல்மாடி காலி' என்பது நம் ஊரில் திட்டு. வைத்தியப்படி பார்த்தால் எல்லோருக்குமே மேல்மாடியில் ஸ்டாக் இல்லை! மூளையின் எடை சுமார் 1,400 கிராம். உடம்பின் எடையில் 2 சதவிகிதம். ஆனால் நாம் இழுக்கும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவிகிதத்தை அது வாங்கிக்கொள்கிறது. இதயம் நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தம் தள்ளினால் அதில் முக்கால் லிட்டர் மேல்மாடிக்கு. அதைக் கொண்டுபோகும் மயிரிழைக் குழாய்களை ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்று மதிப்பிடுகிறார்கள். சென்னையிலிருந்து கிட்டத்தட்ட திருநெல்வேலி வரை! இவ்வளவு வாங்கியும் நாளைக்கென்று மூளை எதையும் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. ரத்தம் அடியோடு நின்றால் பத்து விநாடியில் நினைவு போகும். சில நிமிஷங்களில் செல்கள் சாக ஆரம்பிக்கும்.

ஸ்கேன் படத்தை விளக்கு வெளிச்சத்தில் மாட்டினார் டாக்டர். "இந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் நேத்து வந்ததில்லை. பழசு. பிரஷர் ஏற ஏற, சின்னக் குழாய்களோட சுவர் தடிச்சு, உள்வழி குறுகிடும். கடைக்கோடியில இருக்கிற வீடு தண்ணியில்லாம வாடும். வந்தது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இது சேர்ந்தா பெரும்பாலும் முதல்ல அடிபடுறது வேகம். கணக்குப் போடறது, ஒரே சமயத்துல ரெண்டு காரியத்தை மனசுல வெச்சுக்கறது, இதெல்லாம்தான் முதல்ல தடுமாறும்."

நாற்பது ரூபாய். நூற்றுப் பத்து ரூபாய். அண்ணாச்சி மகனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"நல்லாத்தான் டாக்டர் இருந்தார்... திடீர்னு..." என்று இழுத்தேன்.

"திடீர்னு எதுவும் வராது ஸார். பத்திரிகையில எழுதறீங்கன்னாங்களே, ரூஸ்வெல்ட் கதை படிச்சதில்லையா?"

படித்தவன் மாதிரி தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து படித்தேன்.

ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட். அமெரிக்க ஜனாதிபதி. இரண்டாம் உலக யுத்தத்தையே நடத்தியவர். 1935-ல் அவருடைய பி.பி. 136-க்கு 78. 1941-ல் 188-க்கு 105. இப்போதென்றால் வீடே அலறியிருக்கும். அப்போது யாரும் அலறவில்லை. வயசானால் குழாய் குறுகும், குறுகிய குழாயில் ரத்தத்தைத் தள்ள பிரஷர் ஏறத்தான் வேண்டும், அதைக் குறைத்தால்தான் ஆபத்து என்று பெரிய பெரிய டாக்டர்களே நம்பிய காலம் அது. தவிர, வெள்ளை மாளிகையின் ஆஸ்தான டாக்டர் காது-மூக்கு-தொண்டை நிபுணர். ஜனாதிபதிக்கு அடிக்கடி ஜலதோஷம் வருமாம். மூக்கை கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

1944 மார்ச் கடைசியில்தான் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய டாக்டர் அவரை முழுசாகப் பரிசோதித்தார். இதயம் வீங்கியிருந்தது. பி.பி. 186-க்கு 108. உப்பைக் குறை, சிகரெட்டைக் குறை, ஓய்வெடு என்றார். சொல்ல அவரிடம் வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. பி.பி.யை ஒழுங்காகக் குறைக்கும் மாத்திரை அன்று உலகத்திலேயே இல்லை. 1945 ஏப்ரல் 12. ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்ப்ரிங்ஸ் என்ற ஊர். ஒரு பெண் ஓவியர் அவரை வரைந்துகொண்டிருந்தபோது பின்மண்டையில் வலி என்றார், நினைவு தப்பியது. அப்போது எடுத்த பி.பி. 300-க்கு மேல், கீழே 190. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. வயசு 63. அந்த ஓவியம் பாதியிலேயே நிற்கிறது. ஆஸ்தான டாக்டரோ, இது யாரும் எதிர்பார்க்காதது என்றார். பத்து வருஷமாக எண்கள் ஏறிக்கொண்டே வந்திருக்கின்றன; எதிர்பார்க்கத்தான் யாருமில்லை.

உலகத்தின் பெரிய நாற்காலியில் இருந்தவருக்கே கேஸ், சூடு, திருஷ்டி கதைதான் என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அதன்பின் அமெரிக்கர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 1948-ல் பாஸ்டன் பக்கத்தில் ஃப்ராமிங்ஹாம் என்ற சின்ன ஊரில் 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதித்து எழுதி வைக்க ஆரம்பித்தார்கள். முதலில் இதயத்துக்காக. பி.பி., கொலஸ்ட்ரால், சிகரெட் மூன்றும் இதயத்துக்கு எமன் என்று இன்று ஷேர் ஆட்டோவில்கூடப் பேசிக்கொள்கிறோமே, அதை நிரூபித்ததில் அந்த ஊர் லெட்ஜருக்குப் பெரிய பங்கு உண்டு. பிற்பாடு அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். நினைவாற்றலையும் சோதித்தார்கள்.

2016-ல் அந்த லெட்ஜரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அறுபது வயது தாண்டியவர்களில், புதிதாக மறதி நோய் வருவது பத்து வருஷத்துக்குச் சுமார் 20 சதவிகிதம் வீதம், முப்பது வருஷமாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது! எழுபதுகளின் கடைசியில் ஐந்து வருஷத்தில் நூற்றுக்கு 3.6 பேருக்கு வந்தது, பின்னால் நூற்றுக்கு 2 பேருக்குத்தான் வந்தது. மறதிக்கென்று அதிசய மருந்து எதையும் யாரும் கொடுக்கவில்லை. அதே காலத்தில்தான் அந்த ஊரில் பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதிகமாகி, சிகரெட்டும் பக்கவாதமும் குறைந்தன. முழுக் காரணமும் இதுதான் என்று அவர்கள் சாதிக்கவில்லை. ஆனால் கீழே மோட்டாரையும் குழாயையும் ரிப்பேர் செய்தபோது மேல்மாடியில் விளக்கு அதிக நாள் எரிந்திருக்கிறது.

அதிலேயே இன்னொரு செய்தி. இந்தக் குறைவு பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு மட்டும்தான்! முடிக்காதவர்களுக்கு இந்த லாபம் கிடைக்கவில்லை. மூளை ரத்தத்தைச் சேமிப்பதில்லை, படித்ததையும் பழகியதையும் சேமிக்கிறது. ஒரு ரோடு அடைத்தால் சந்து வழியாகப் போக ஆட்டோ டிரைவருக்குத் தெரிகிற மாதிரி, பழகிய மூளை மாற்று வழி கண்டுபிடிக்கிறது. அப்பா இவ்வளவு புள்ளிகளோடு இவ்வளவு நாள் சமாளித்தது அந்த முப்பத்தெட்டு வருஷ கூட்டல் கழித்தலால்தான் என்று நான் நம்புகிறேன்.

'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகை கூட்டிய நிபுணர் குழு 2024-ல் ஒரு பட்டியல் போட்டது. மொத்தம் 14 விஷயங்கள். இவற்றைச் சரிசெய்தால் உலகத்தில் மறதி நோயில் சுமார் 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. பி.பி., சர்க்கரை, கொலஸ்ட்ரால், தொப்பை, சிகரெட், மிதமிஞ்சிய குடி, நடக்காத கால். ஏழு ஆச்சா? இவை பழைய குற்றவாளிகள். மீதி ஏழைப் பாருங்கள். படிப்பின்மை, தனிமை, மனச்சோர்வு, காது மந்தம், பார்வைக் குறைவு, தலையில் அடி, அசுத்தக் காற்று. ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு, இயர்ஃபோனை முழுச் சத்தத்தில் வைத்து, லாரிப் புகைக்குப் பின்னாலேயே ஆபீஸ் போகிற நண்பர் ஒரே பயணத்தில் மூன்று ஐட்டங்களை முடித்துவிடுகிறார்.

காற்று எப்படி மூளைக்குப் போகிறது என்கிறீர்களா? தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத தூசு. நுரையீரலின் அடி வரைக்கும் போய், கொஞ்சம் ரத்தத்திலும் கலந்து, குழாய்ச் சுவரைப் புண்ணாக்குகிறது. அப்புறம் பழைய கதைதான். வருஷ சராசரியில் இந்தத் தூசு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. நம் நாட்டு வரம்பு 40. எட்டு மடங்கு தாராள மனசு! ஊர்க் காற்றை நானும் நீங்களும் தனியாகச் சுத்தம் செய்ய முடியாது, கேள்வி கேட்கலாம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவதை நாமே நிறுத்தலாம்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். அப்பாவை வார்டில் சேர்த்துவிட்டுக் கிளம்பும்போது டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்க" என்றார்.

"எனக்கெதுக்கு டாக்டர்? முப்பத்தாறுதான் ஆகுது. தலைவலிகூட இல்லை."

"அதான் பிரச்னை. இது வலிச்சா எல்லாரும் வந்துடுவாங்களே."

கையில் பட்டையைச் சுற்றினார். 148-க்கு 96. டென்ஷன் என்றேன். இருக்கலாம், ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் எடுத்து எழுதுங்கள் என்றார். எழுதினேன். டென்ஷன் இல்லாத நாட்களிலும் அதே கதைதான். பி.பி. இருக்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பாதியில்தான் நான் இத்தனை நாள் சௌக்கியமாகக் குடியிருந்திருக்கிறேன்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் ஒரு நாள், ஆபீஸ் விட்டு வரும்போது ஐந்து நிமிஷம் ஒதுக்கி பி.பி. பாருங்கள். பஜ்ஜிக் கடையில் நிற்கும் நேரம்கூட ஆகாது. 140-க்கு 90 என்று வந்தால் மறுபடி ஒரு நாள் பாருங்கள். அப்போதும் வந்தால் டாக்டரிடம் போங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், நாலு மணி மிக்ஸர் எல்லாம் அதற்குள் அடக்கம் (எனக்கும் கண்ணீர் வருகிறது). 2011-ல் அமெரிக்காவில் 120 பெரியவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேர் வாரத்தில் மூன்று நாள், நாற்பது நிமிஷம் வேகமாக நடந்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுடைய மூளையில் ஞாபகத்துக்கான பகுதி 2 சதவிகிதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. செலவு, ஒரு ஜோடி செருப்பு.

வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், கை தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால் மணியைப் பாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குமுன் அடைப்பா வெடிப்பா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். அதனால் கையில் கிடைத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பெரிய குழாய் அடைத்தால் நிமிஷத்துக்கு 19 லட்சம் மூளை செல்கள் சாகின்றன என்று 2006-ல் ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சோடா வேண்டாம். என் அப்பா தப்பித்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை.

அப்பா இப்போது தேவலை. மாத்திரை தவறுவதில்லை. தினமும் சாயந்திரம் என்னை இழுத்துக்கொண்டு பார்க்கை நாலு சுற்றுச் சுற்றுகிறார். இந்த மாதம் மளிகைச் சீட்டு வந்தபோது, என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு பேனா மூடியை வைத்தார். பழைய ஒரே இழுப்பு இல்லை. நாலு ஐட்டத்துக்கு ஒரு தடவை நின்று, உதட்டை அசைத்து, மறுபடி இறங்கினார். நான் சமையலறைக்குப் போய் அம்மாவுக்குத் தெரியாமல் கால்குலேட்டரில் தட்டினேன். மூன்று தடவையும் ஒரே விடை. அவர் சொன்னதும் அதுதான்.

பழைய பச்சை அட்டை லெட்ஜர் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் தன் பி.பி.யையும் வலது பக்கம் என் பி.பி.யையும் தேதிவாரியாக எழுதி வருகிறார். சனிக்கிழமை ராத்திரி அதைக் கூட்டி சராசரி எடுத்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஏண்டா... அறுபத்தெட்டு வயசுக்காரன் எனக்கு 132. உனக்கு 138. அந்த மிக்ஸர் டப்பாவை இப்படிக் குடு."